பிரிசீடிங்கா, புரொசீடிங்கா?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த வாரம் அது. பாம்பனில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், திரும்பி வந்துவிட்ட ஒரு விண்ணப்பத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். தங்கையின் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு அவனே ஆங்கிலத்தில் எழுதியது. சென்ற ஆண்டு வருமானம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இன்கம் ஆஃப் தி புரொசீடிங் இயர்' என்று எழுதியிருந்தான். அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். எது சரி என்று எழுதவில்லை.

"அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் புரொசீடிங்ஸ்னுதானே சொல்றாங்க? இதுல என்ன தப்பு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அவன் காதில் விழுந்த சொல் உண்மையில் இருக்கிற சொல்தான். அரசு அலுவலகங்களில் 'செயல்முறைகள்' என்று தலைப்பிட்டு வரும் ஆணைகளைத்தான் புரொசீடிங்ஸ் என்கிறார்கள். அவனுக்கு வேண்டியதோ பிரிசீடிங். ஓரிரண்டு எழுத்து மாறினதில் 'முந்தைய ஆண்டு' என்ற பொருளே போய்விட்டது. அன்று அவனுக்குச் சொன்னதையும், அப்புறம் யோசித்துச் சேர்த்ததையும் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் 'முன்' என்ற பொருளைச் சுமக்கும் சொற்கள் ஒரு பெரிய குடும்பம். அவற்றின் உறவு பிடிபட்டால் ஸ்பெல்லிங்கும் பிடிபடும்.

முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். தமிழில் 'முன்னால்' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. 'கோயிலுக்கு முன்னால் கடை' என்றால் இடம். 'சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை' என்றால் வரிசை. 'ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தேன்' என்றால் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள். இடத்துக்கு 'இன் ஃபிரண்ட் ஆஃப்', வரிசைக்கு 'பிஃபோர்', இன்றிலிருந்து எண்ணுவதற்கு 'அகோ'. நாம் தமிழிலேயே யோசித்து 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். 'டூ இயர்ஸ் அகோ' என்பதுதான் சரி. 'அகோ' எப்போதும் எண்ணிக்கைக்குப் பின்னால்தான் நிற்கும்.

இன்றிலிருந்து எண்ணாமல் வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால் மறுபடி 'பிஃபோர்' வரும். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914-இல். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பரில். பாலம் புயலுக்கு 50 ஆண்டுகளுக்கு முன் திறந்தது என்று எழுத, 'ஃபிஃப்டி இயர்ஸ் பிஃபோர் தி சைக்ளோன்' என்று போட வேண்டும். இங்கே எண்ணுவது புயலிலிருந்து, இன்றிலிருந்து அல்ல. அதனால் 'அகோ'வுக்கு வேலையில்லை.

சரி, இப்போது அந்தச் சிவப்புச் சுழிக்கு வருவோம்.

'பிரிசீட்' என்றால் முந்துவது. இந்தத் தமிழ் வினையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி இலக்கணம் இதிலேயே வந்துவிடும். புயல் வருவதற்கு முன் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டு முந்துகிறது, புயல் பிந்துகிறது. 'தி வார்னிங் பிரிசீட்ஸ் தி ஸ்டார்ம்'. தமிழில் 'புயலை முந்தியது' என்கிறோம், 'புயலுக்கு முன் முந்தியது' என்று சொல்வதில்லை. அதேபோல் 'பிரிசீட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'பிஃபோர்' போடக் கூடாது. முன் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

'புரொசீட்' என்றால் மேற்கொண்டு போவது. கூண்டை இறக்கிவிட்டார்கள், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுத்துவிட்டார்கள், படகு கிளம்புகிறது. அது புரொசீட். எது முதலில், எது அடுத்து என்ற கணக்கே அதில் இல்லை, முன்னோக்கிய நகர்வு மட்டும்தான். சாமி புறப்பாட்டை 'புரொசெஷன்' என்பது இதன் வழியாகத்தான்.

இந்த இரண்டின் கடைசிப் பாதி லத்தீன் மொழியின் 'கேதெரே' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் போவது, நடப்பது. 'ப்ரே' என்றால் முன்னே, 'ப்ரோ' என்றால் முன்னோக்கி. முன்னே நடந்தது ஒன்று, முன்னோக்கி நடப்பது மற்றொன்று.

பாம்பனில் நின்று பார்த்தால் வரிசையைக் கண்ணாலேயே படிக்கலாம். 1914-இல் ரயில் பாலம். 1988-இல் சாலைப் பாலம். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம். ரயில் பாலம் சாலைப் பாலத்தை முந்தியது என்பதை நேராக எழுதினால் 'தி ரயில் பிரிட்ஜ் பிரிசீடட் தி ரோடு பிரிட்ஜ்'. இதையே திருப்பிப் போட்டால் 'தி ரோடு பிரிட்ஜ் வாஸ் பிரிசீடட் பை தி ரயில் பிரிட்ஜ்'. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வாக்கியத்தில் சாலைப் பாலம் முதலில் நிற்பதால் அதுதான் முதலில் வந்தது என்று கண் சொல்லும். கண்ணை நம்பாதீர்கள், 'பை' என்ற சொல்லைத் தேடுங்கள். 'பை' யாருக்கு முன்னால் நிற்கிறதோ அவர்தான் முந்தியவர். தமிழில் 'ரயில் பாலத்தால் முந்தப்பட்டது' என்று சொல்லிப் பாருங்கள், அந்த 'ஆல்' தான் 'பை'.

வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இது உயிர்நாடி. வினாத்தாளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை கொடுப்பார்கள். பி, 4, கே, 7, பி, எம், 2 என்று வைத்துக்கொள்வோம். முதலில் இருப்பது பந்தைக் குறிக்கும் 'பால்' என்ற ஆங்கிலச் சொல்லின் 'பி', நடுவில் இருப்பது படத்தைக் குறிக்கும் 'பிக்சர்' என்ற சொல்லின் 'பி'. 'எத்தனை எழுத்துகள் இமீடியட்லி பிரிசீடட் பை எ நம்பர்' என்று கேட்டால், எந்தெந்த எழுத்துக்கு ஒட்டினாற்போல் முன்னால் எண் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 'கே'க்கு முன்னால் 4 இருக்கிறது. நடுவில் உள்ள 'பி'க்கு முன்னால் 7. 'எம்'முக்கு முன்னால் எழுத்துதான், எண் இல்லை. ஆக விடை இரண்டு. இதையே 'ஃபாலோட் பை' என்று கேட்டிருந்தால், எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை எண்ண வேண்டும். முதல் 'பி', 'கே', 'எம்' என்று மூன்று. விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். 'பிரிசீடட் பை' என்றால் இடப்பக்கம் பாருங்கள், 'ஃபாலோட் பை' என்றால் வலப்பக்கம் பாருங்கள். மனக்கணக்காகச் செய்வதைவிட விரலை வைத்துச் செய்தால் தப்பு குறைகிறது. நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஸ்பெல்லிங். காதுக்கு 'சீட்' என்று ஒன்றாக விழும் முடிவை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள்: சி-இ-டி-இ, சி-இ-இ-டி, எஸ்-இ-டி-இ. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் மிகச் சின்ன விஷயம்.

இரட்டை 'இ' ஒட்டி வரும் சி-இ-இ-டி மூன்றே மூன்று வினைகளுக்குத்தான்: சக்சீட், புரொசீட், எக்சீட். வெற்றி பெறு, மேற்கொண்டு போ, அளவை மீறு. இவற்றின் முதலெழுத்துகள் எஸ், பி, இ. அதோடு 'இ-டி' சேர்த்தால் 'ஸ்பீட்' என்ற சொல்லே கிடைத்துவிடும். 'ஸ்பீட்' என்ற சொல்லிலும் இரண்டு 'இ' ஒட்டித்தான் நிற்கும், அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மற்றபடி இந்தக் குடும்பத்தில் நடக்கிற சொற்கள் எல்லாமே சி-இ-டி-இ. பிரிசீட் அதில் ஒன்று. அதில் இரண்டு 'இ'யும் பிரிந்து, நடுவில் 'டி' வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் நம் கரைக்குச் சொந்தமான சொல் ஒன்றும் இருக்கிறது: 'ரிசீட்'. பின்வாங்குவது. பாம்பன், மண்டபம் பக்கம் சில நாள் காலையில் கடல் உள்வாங்கிப் பாசியும் பாறையும் வெளியே தெரியும். நாட்டுப் படகுகள் தரை தட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். 'தி சீ ரிசீடட்' என்று ஆங்கிலச் செய்தித்தாள் எழுதுவது அதைத்தான். 'ரி' என்றால் பின்னே, 'சீட்' என்றால் போ. ஆர்-இ-சி-இ-டி-இ. கடைக்காரர் கொடுக்கும் ரசீதுக்கு வரும் 'ரிசீட்' வேறு சொல், அதன் எழுத்துகளும் வேறு. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன.

'இங்' சேரும்போது கவனம் வேண்டும். பிரிசீட் தன் கடைசி 'இ'யை விட்டுவிட்டு பி-ஆர்-இ-சி-இ-டி-ஐ-என்-ஜி என்று ஆகும். புரொசீட் எதையும் விடாது, பி-ஆர்-ஓ-சி-இ-இ-டி-ஐ-என்-ஜி. ஆனால் 'புரொசீஜர்' என்று வரும்போது அதே புரொசீட் ஒரு 'இ'யை இழந்துவிடுகிறது: பி-ஆர்-ஓ-சி-இ-டி-யு-ஆர்-இ. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை, ஐந்து முறை எழுதிப் பழகிவிடுங்கள்.

மூன்றாவது வகையான எஸ்-இ-டி-இ ஒரே ஒரு சொல்லில்தான் வருகிறது: சூப்பர்சீட். பழைய ஆணையை நீக்கி அதன் இடத்தில் புதிய ஆணை வருவது. இதில் ஏன் 'எஸ்'? இந்தச் சொல் நடக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறது! லத்தீனில் 'செதேரே' என்றால் உட்கார். 'சூப்பர்' என்றால் மேலே. பழையதன் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிட்டது. நடந்தால் 'சி', உட்கார்ந்தால் 'எஸ்'. இந்த ஒரு வரி எனக்குப் புரிந்த நாளில் அடைந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஏனென்றால் இது இன்னொரு பூட்டையும் திறக்கிறது. தமிழில் 'பிரெசிடென்ட்' என்று ஒரே மாதிரி எழுதிவிடக்கூடிய இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஒன்று குடியரசுத் தலைவர். மற்றொன்று முன்னுதாரணம், அதாவது நீதிமன்றத்தில் 'இதற்கு முன் இப்படித் தீர்ப்பு வந்திருக்கிறது' என்று வழக்கறிஞர் எடுத்துக்காட்டுவது. தலைவர் என்பவர் அவைக்கு முன்னே உட்கார்ந்திருப்பவர், முன்னே என்ற 'ப்ரே'யும் உட்கார் என்ற 'செதேரே'யும் சேர்ந்தவர். உட்கார்ந்தவர் என்பதால் 'எஸ்': பி-ஆர்-இ-எஸ்-ஐ-டி-இ-என்-டி. முன்னுதாரணம் நமக்கு முன்னே நடந்துபோனது, அதனால் 'சி': பி-ஆர்-இ-சி-இ-டி-இ-என்-டி. உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. தலைவருக்கு நடுவில் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும் ஒலி, முன்னுதாரணத்துக்குச் 'சீப்பு' என்பதில் வரும் மெல்லிய ஒலி. செய்திகளில் அடிக்கடி வரும் 'அன்பிரெசிடென்டட் ரெயின்' என்பதும் இந்த 'சி' வீட்டுப் பிள்ளைதான். முன்பு எப்போதும் நடந்திராத மழை.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஐயா 2002-இல் குடியரசுத் தலைவரானார். அவருக்கு முன் இருந்தவர் கே.ஆர். நாராயணன், கலாமுக்குப் பின் 2007-இல் வந்தவர் பிரதிபா பாட்டீல். கலாமின் 'பிரிடிசெசர்' நாராயணன், 'சக்செசர்' பிரதிபா பாட்டீல். 'கலாம் சக்சீடட் நாராயணன்' என்று படித்தால் நாராயணனைத் தோற்கடித்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அடுத்து வந்தார், அவ்வளவுதான். ஸ்பெல்லிங்கில் பிரிடிசெசருக்கு ஒரு 'சி', இரண்டு 'எஸ்'. சக்செசருக்கு 'சி' இரண்டு, தொடக்கத்தில் வருவதோடு சேர்த்து 'எஸ்' மூன்று.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஆன்செஸ்டர்'. பார்த்தால் வேறு வீட்டுச் சொல்போல இருக்கும். ஆனால் அது லத்தீனின் 'அந்தேசெசோர்' பிரெஞ்சு வழியாக வந்து தேய்ந்த வடிவம். முன்னே நடந்து போனவர் என்று பொருள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று அக்னி தீர்த்தக் கரையில் நின்று பாருங்கள். விடியும் முன்பே ஈர வேட்டியோடு வரிசை வரிசையாக உட்கார்ந்து, எள்ளும் தண்ணீரும் கையில் ஏந்தி மக்கள் யாருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள்? முன்னோருக்கு. முன் போனவர்களுக்கு. இரண்டு மொழியும் ஒன்றையொன்று அறியாமலேயே இறந்த தலைமுறையை ஒரே விதமாக நினைத்திருக்கின்றன. அவர்கள் மறைந்துவிடவில்லை, நமக்கு முன்னே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று. நடந்தவர்கள் என்பதால் இதிலும் 'சி' தான்: ஏ-என்-சி-இ-எஸ்-டி-ஓ-ஆர்.

அதே கரையில் வரிசைக்கும் ஓர் உதாரணம் கிடைக்கும். முதலில் கடலில் முழுக்கு, அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ஈர உடையை மாற்றிய பிறகு தரிசனம். 22 தீர்த்தக் குளியலுக்கு 'பிரிசீடிங்' ஆக வருவது கடல் முழுக்கு. தரிசனத்துக்கு 'பிரீவியஸ்' ஆக வருபவை இரண்டுமே. வித்தியாசம் தெரிகிறதா? 'பிரிசீடிங்' பெரும்பாலும் ஒட்டினாற்போல் முன்னால் நிற்பதைச் சொல்லும். 'பிரீவியஸ்' கொஞ்சம் தாராளம், முன்பு நடந்த எதையும் சொல்லும். வருமானத்தைக் குறிக்கும்போது 'பிரிசீடிங் இயர்' என்று போடுவது அதனால்தான். முன்பு எப்போதோ ஓர் ஆண்டு அல்ல, இதற்கு நேர் முந்தைய ஆண்டு.

'பிரையர்' அலுவலகக் கடிதங்களில் வரும், 'முன் அனுமதி' என்பதற்கு 'பிரையர் பெர்மிஷன்'. எல்லோரும் சொல்கிற பிரையாரிட்டியும் இதிலிருந்து வந்ததுதான். 'ஃபார்மர்' என்றால் முன்னாள். முன்னாள் ஊராட்சித் தலைவர் உயிரோடு இருக்கும்போது அவர் பெயருக்கு முன்னால் 'லேட்' போட்டுவிடாதீர்கள். அது மறைந்தவருக்கு மட்டும்.

இரண்டு முன்னொட்டுகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒன்று 'ஆன்டி'. ஏ-என்-டி-இ என்று எழுதினால் முன், ஏ-என்-டி-ஐ என்று எழுதினால் எதிர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் பரிசோதனை 'ஆன்டிநேட்டல்', பிரசவத்துக்கு முந்தையது, அதனால் 'இ'. தப்பித்தவறி 'ஐ' போட்டால் பிறப்புக்கு எதிரானது என்று பொருள் மாறிவிடும். ஆன்டிபயாட்டிக் கிருமிக்கு எதிரானது, அதில் 'ஐ'. கடிகாரத்தில் வரும் ஏ.எம். என்பதில் உள்ள 'ஏ'வும் இந்த முன்னைக் குறிப்பதுதான். 'ஆன்டி மெரிடியம்', நடுப்பகலுக்கு முன்.

மற்றொன்று 'ஃபோர்'. எஃப்-ஓ-ஆர்-இ என்று 'இ'யோடு வந்தால் முன். வானிலை 'ஃபோர்காஸ்ட்' அப்படித்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் நிறுவனம் நம் கடலின் அலை உயரத்தை முன்கூட்டியே சொல்கிறதே, அது ஃபோர்காஸ்ட். வலை வீசுவதற்கும் 'காஸ்ட்' என்றுதான் பெயர். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் மறப்பதே இல்லை. புத்தகத்தின் அணிந்துரை 'ஃபோர்வேர்டு', அதாவது 'ஃபோர்' என்ற முன்னும் 'வேர்டு' என்ற சொல்லும் சேர்ந்தது. வாட்ஸாப்பில் தள்ளிவிடுகிற 'ஃபார்வேர்டு' வேறு. பள்ளி மலரில் அணிந்துரைக்கு மேலே அந்த இரண்டாவது சொல்லைத் தலைப்பாக அச்சடித்ததை நானே பார்த்திருக்கிறேன். 'ஃபர்கெட்', 'ஃபர்கிவ்' போன்ற சொற்களில் முன் என்ற பொருளே இல்லை, அதனால் அவற்றில் 'இ'யும் இல்லை.

தம்பி விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினான். பி-ஆர்-இ, சி-இ-டி, ஐ-என்-ஜி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். முடித்துவிட்டுப் பையிலிருந்து தன் தேர்வு நுழைவுச்சீட்டை எடுத்து நீட்டினான். தேதிக்குப் பக்கத்தில் எஃப்.என். என்று இருந்தது. "இதுவும் அந்தக் குடும்பமா, அக்கா?" என்றான். ஆமாம், 'ஃபோர்நூன்', முற்பகல். தேர்வு காலையில்தான். பாம்பனிலிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அப்புறம் இருவரும் கணக்குப் போட ஆரம்பித்தோம்.